கதவின் முன்னால் நின்றவளும் கம்பார்ட்மென்டில் உட்கார்ந்தவனும்

சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் நான் சூப்பர்வைசர். கிளிமூக்கு மாங்காய் லாரியிலும் டிராக்டரிலும் வந்து இறங்கும். அதைப் பெட்டிகளில் அடுக்கி, வாயு விட்டு, அறைக் கதவைச் சாத்திப் பழுக்க வைப்போம். எந்த அறைப் பழம் இன்று அரவைக்குப் போகலாம், எது நாளை வரை பொறுக்கலாம் என்று மோந்து பார்த்துச் சொல்வது என் வேலை. மூக்கால் பிழைக்கிறவன் என்று என்னைச் சொல்லலாம்.

மீதி நேரத்தில் நான் எழுத்தாளன். இது எனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது. அதன் பிரதிகளில் பாதிக்கு மேல் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. முன்பெல்லாம் அந்தக் கட்டில் ஆடும், இப்போது ஆடுவதில்லை. இலக்கியத்தால் வீட்டுக்கு வந்த ஒரே நன்மை அதுதான் என்பாள் மனைவி.

போன வருஷம் ஒரு நாவல் முடியும் நிலையில் இருந்தது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தாயையும் தங்கையையும் விட்டு ஓடிப்போன ஒருத்தி, திரும்பி வந்து வீட்டுக் கதவின் முன்னால் நிற்கிறாள். தட்டுவதா வேண்டாமா? அங்கே கொண்டுவந்து நிறுத்தியவன் அடுத்த வரி தெரியாமல் நான்கு மாதம் அவளை அப்படியே நிற்க வைத்துவிட்டேன். கால் வீங்கியிருக்கும். சென்னையில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் ஒருவர் ஆடி முடிவதற்குள் கொடுத்தால் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றிருந்தார். என் கையெழுத்துப் பிரதியை ஒருவர் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டவர் மனம் மாறுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று பயம்.

எனக்கு ஒரு விசித்திர வியாதி உண்டு. ஆவணியிலிருந்து சித்திரை வரை ஃபேக்டரியில் பெரிதாக வேலை இருக்காது. அடைத்து வைத்த டிரம்களுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பேன். அப்போது ஒரு வரி வராது. வைகாசி பிறந்து முதல் டிராக்டர் கேட்டுக்குள் நுழைந்ததும், போன் இடைவிடாமல் அடிக்க ஆரம்பித்ததும், சாப்பிட நேரமில்லை என்று ஆனதும் மண்டைக்குள் நாவல் கொதிக்கும். கூழும் நாவலும் ஒரே சீசனில்தான் எனக்குப் பக்குவமாகும்.

அப்படித்தான் ஆனி மாதம் ஒரு மத்தியானம், மூன்றாவது அறைக் கதவைத் திறந்தபோது, பழவாசனையோடு சேர்ந்து அந்தக் கடைசி அத்தியாயமும் என் முகத்தில் அடித்தது. யார் கதவைத் திறக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள், என்ன சொல்லாமல் விடுகிறார்கள், எல்லாம் தெரிந்தது. பெட்டிகளுக்கு நடுவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். லோடிங் ஆள் பார்த்துவிட்டு, "இன்னா சார், வாயு கண்ணுல பட்டுச்சா?" என்றான். ஆமாம் என்றேன்.

இனி வேண்டியது ஒரு நாள். யாரும் கூப்பிடாத, யாரும் எதையும் மோந்து பார்க்கச் சொல்லாத ஒரே ஒரு நாள். தொழிலில் நான் கற்ற ஒரே ஞானம், பழுத்ததை மறுநாளைக்கு வைத்தால் அழுகும் என்பது. அத்தியாயமும் அப்படித்தான் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஃபேக்டரி கழிவறையில் முயன்றேன். நோட்டோடு உள்ளே போய் ஒரு பத்தி எழுதுவதற்குள் வெளியே மூன்று பேர் நின்று என் வயிற்றைப் பற்றி விசாரித்தார்கள். அடுத்த நாள் எலுமிச்சம்பழமும் மோரும் வந்தன. பிறகு எடைமேடைப் பக்கம் நின்றிருந்த ஒரு காலி லாரியின் கேபினில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் வந்து, என்னைக் கவனிக்காமல் வண்டியை எடுத்துவிட்டார். பூதலப்பட்டு தாண்டித்தான் இறங்க முடிந்தது. வீட்டு மாடியில் முயன்றபோது, மனைவி காயவைத்திருந்த மாங்காய்த் தோலுக்குக் காக்கா விரட்டுகிற உத்தியோகம் என் தலையில் விழுந்தது. கடைசியில் ஒரு காலியான பழுக்க வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நாலு வரி எழுதியதும் தலை கிறுகிறுவென்று வந்தது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனை லோடிங் ஆள் மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா சார், நீயே பழுக்க உக்காந்துக்கினியா?"

"காய் மாதிரியே இருக்கேனேன்னு யோசிச்சேன்" என்றேன்.

"உனுக்கு ஒரு ரூம் பத்தாது சார்."

அவனுக்குத் தெரியாது, அது எவ்வளவு சரியான விமர்சனம் என்று.

சீசனில் எங்களுக்கு லீவு கிடையாது. ஜுரம் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வா என்பார் முதலாளி. கல்யாணம் என்றால் சாப்பிட்டுவிட்டு நேராக வா என்பார். இரண்டுக்கு மட்டும் மறுபேச்சு இல்லை. ஒன்று வீட்டில் சாவு. இன்னொன்று திருமலை. அவர் பெரிய பக்தர். சாவுக்காவது யாருக்கு, எப்போது என்று கேட்பார். மலைக்கு என்றால் அதுவும் கேட்கமாட்டார்.

என் வீட்டில் யாரும் சாகத் தயாராக இல்லை. அதனால் மலையைச் சொன்னேன்.

"கொண்டக்கு போறேன்னு சொல்றவன வேணாம்னு தடுக்க நான் யாரு நைனா? போயிட்டு வா" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

லீவு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து எழுதுவதுதான் முதல் திட்டம். ஆனால் அந்தச் சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னால் கண் போய்விடும் என்ற பயம் எங்கள் பக்கத்தில் நாத்திகனுக்கும் உண்டு. யோசிக்கையில் சட்டென்று விளங்கியது, நிஜமாகவே மலைக்குப் போவதுதான் உத்தமம் என்று. தர்ம தரிசனத்துக்குப் போனால் முதலில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு கம்பார்ட்மென்ட் என்கிற பெரிய கூடத்தில் உட்கார வைத்துப் பூட்டுகிறார்கள். கூட்டம் இருந்தால் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். மின்விசிறி உண்டு. பால் வரும், உப்புமா வரும். யாரும் வெளியே போக முடியாது, யாரும் என்னைத் தேடி உள்ளே வரவும் முடியாது. எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பணக்கார தேசங்களில் எழுதுகிறவர்களுக்கென்று ஏரிக்கரையில் வீடு கொடுக்கிறார்களாம். எனக்கு ஏழுமலையான் கொடுக்கிறான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் முதலாளி கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு கவரை நீட்டினார்.

"உனக்காக ஒருத்தர்கிட்ட சொல்லி லெட்டர் வாங்கினேன். க்யூவே கிடையாது. பத்து மணிக்கு சாமிய பாத்துடலாம். மத்தியானம் ஷிஃப்டுக்கு இங்க வந்துடலாம் நைனா."

சிபாரிசுக் கடிதம். அதற்காக மனிதர்கள் எத்தனை படி ஏறி இறங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உள்ளுக்குள் என் எட்டு மணி நேரம் செத்து விழுந்தது.

வீட்டில் மனைவி புளிசாதம் கட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இன்னா மாமா, கோயிலுக்குக் கூப்ட்டாலே முட்டி வலிக்குதுன்னுவே. திடீர்னு இன்னா பக்தி?"

"கனவுல சாமி வந்தாரு."

"வந்து? நோட்டு, பேனா எல்லாம் எடுத்துக்கினு வாடான்னாரா?"

நோட்டு பையிலிருந்து பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதை உள்ளே தள்ளி, மேலே துண்டை மடித்து வைத்தாள். "போ. எயுதிட்டு வா. முடிஞ்சா சாமியையும் பாத்துட்டு வா" என்றாள்.

முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதி போய், மேலே ஏறியபோது மணி ஏழு. கடிதத்தை நோட்டுக்குள் ஒளித்துவிட்டு, கடிதக்காரர்கள் போகிற பக்கத்தைத் திரும்பியும் பார்க்காமல், மிக நீளமான வரிசையைத் தேடிப் போய் நின்றேன். எவ்வளவு நேரமாகும் என்று காவலுக்கு நின்றவரைக் கேட்டேன். ஒன்பது மணி நேரம் ஆகும் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். "ரொம்ப சந்தோஷம்" என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

போனைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கினேன். ஆடிக்கொண்டிருந்த பல்லைப் பிடுங்கிய மாதிரி இருந்தது. நாக்கு அந்த இடத்துக்கே போய்ப் போய் வந்தது.

கம்பார்ட்மென்டில் தூண் ஓரமாக ஒரு மூலை கிடைத்தது. சம்மணம் போட்டு நோட்டைத் திறந்தேன். சுற்றிலும் குழந்தைகள் ஓடின. ஒரு பாட்டில் என் முதுகில் விழுந்தது. இது எங்கே உருப்படப் போகிறது என்று நினைத்தபோது பக்கத்திலிருந்த ஒரு தெலுங்கு அம்மாள் தன் பேரன்களைப் பார்த்து, "அரவொத்துரா! ஆயன கோவிந்த நாமம் ராஸ்துன்னாரு!" என்று அதட்டினார். கத்தாதீர்கள், அவர் கோவிந்த நாமம் எழுதுகிறார் என்று.

எங்கள் பக்கத்தில் அது ஒரு நேர்த்திக்கடன். 'கோவிந்தா கோவிந்தா' என்று நோட்டு நோட்டாக எழுதி நிரப்புவார்கள். கம்பார்ட்மென்டில் நோட்டும் கையுமாக இருப்பவன் வேறு என்னவாக இருக்க முடியும்? எதிரே ஒரு பெரியவரும் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சொன்ன பிறகு எங்கள் இருவரையும் சுற்றி ஒரு மரியாதை படர்ந்தது. குழந்தைகள் விலகிப் போயின. யாரோ கால் மடக்கி எனக்கு இடம் விட்டார்கள். ஒருவர் எனக்கென்று பால் டம்ளர் வாங்கி, சத்தமில்லாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தனிமை எனக்குக் கிடைத்ததில்லை. அதுவும் இருநூறு பேருக்கு நடுவில்.

எழுதினேன். கதவு திறந்தது. தங்கை நின்றாள். அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். நேற்றுக் கடைக்குப் போனவள் திரும்பியதைப் போல, "வா, சாப்பிடு" என்றாள். மூன்றாவது அறை வாசலில் என்னை அழ வைத்த வரி அதுதான். காகிதத்தில் எழுதிவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அழகாக எழுதினால் ஏதாவது ஆகும் என்று அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். தங்கைக்குக் கண்ணீர் கொடுத்தேன், எடுத்தேன். மழை பெய்ய வைத்தேன், நிறுத்தினேன். ஒரு மணி நேரத்தில் அரைப் பக்கம்.

எதிரே பெரியவர் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அடுத்த வார்த்தை என்ன என்று அவருக்கு எப்போதும் தெரியும்.

பக்கம் திருப்பியபோது சிபாரிசுக் கடிதம் நழுவி விழுந்தது. என் இடது பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவள், மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டியவள், மேலேயிருந்த முத்திரையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னாண்ணா இது, லெட்டரு! இத்த வெச்சிக்கினு இங்க வந்து உக்காந்துக்கினு கீறியே, உனுக்கு இன்னா கிறுக்கா?"

"மெதுவா சொல்லும்மா. எல்லாரோடயும் சேர்ந்து பார்க்கணும்னு வேண்டுதல்."

"நல்லா வேண்டினே போ. எங்ககிட்ட இருந்தா இந்நேரம் லட்டு துன்னுக்கினு பஸ்ல இருப்போம்." சொல்லிக்கொண்டே அவள் கண் நோட்டுக்குப் போயிற்று. தமிழ் படிப்பாள் என்பதை நான் யோசிக்கவில்லை. "இன்னாது, கோவிந்தாவே காணோம்? யாரோ கதவத் தொறக்குறா?"

மாட்டிக்கொண்டேன். தெலுங்கு அம்மாளுக்குக் கேட்காத குரலில், கதை எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். அவள் முகம் மலர்ந்தது. "கதையா! சொல்லேன், நேரம் போவும்" என்று மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

சொன்னேன். ஓடிப்போனதிலிருந்து சொன்னேன். அவள் நன்றாகக் கேட்டாள். தாய் படுத்த படுக்கையாக இருந்தாள் என்றபோது "அய்ய, அத்த வுட்டுட்டா போனா?" என்றாள். தங்கை ஒருத்தியே தாயைத் தூக்கித் திருப்பிப் போட்டதைச் சொன்னபோது உச்சுக்கொட்டினாள். கதவின் முன்னால் அவள் வந்து நிற்கும் இடத்தில் இந்தப் பெண்ணின் கை மகளின் தலைமேல் அசையாமல் நின்றது. என் வாழ்க்கையில் எந்த வாசகரும் இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை.

"அப்பறம்?"

"தங்கச்சி வந்து கதவைத் திறக்குறா."

"ம்."

"வா, சாப்பிடுன்னு சொல்றா."

"ம். அப்பறம்?"

"அவ்வளவுதான். அதோட முடியுது."

கேலி செய்கிறேனோ என்ற சந்தேகம் அவளுக்கு.

"பன்னெண்டு வருசம் கயிச்சி வந்தவள வா, சாப்புடுன்னுவாளா? எந்த ஊரு தங்கச்சிண்ணா அது?" பிறகு என் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், "நல்லாத்தான் கீது" என்றாள். திரும்பி மகளுக்கு விசிறிக்கொண்டே, எனக்கென்று இல்லாமல் தனக்குத்தானே சொன்னாள். "இதுக்கா அந்தப் பொம்பள அவ்ளோ நேரம் நின்னுக்கினு இருந்தா? பாவம்."

பிறகு உப்புமா வந்தது. அவள் மகளை எழுப்பி ஊட்டப் போய்விட்டாள். என் கதை அதோடு அவளுக்கு முடிந்துவிட்டது.

அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. எழுதும்போதே எனக்கு நாற்றம் வந்துவிட்டது. மூக்கால் பிழைக்கிறவன் அல்லவா? அத்தியாயம் அழுகவில்லை, அது பழுக்கவே இல்லை. வாயு விட்டதால் மேல்தோல் மட்டும் மஞ்சளாகியிருந்தது. ஃபேக்டரி ஓட்டத்தில், போனுக்கும் போனுக்கும் நடுவில், அதை உற்றுப் பார்க்க எனக்கு நேரமில்லாததால்தான் அது அவ்வளவு அழகாக இருந்திருக்கிறது.

இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. நான் ஆசைப்பட்ட, பொய் சொல்லிச் சம்பாதித்த, கடிதத்தை ஒளித்துக் காப்பாற்றிய ஐந்து மணி நேரம். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு யாரைக் கதவு திறக்க வைக்கலாம் என்று யோசித்தேன். தாய், பக்கத்து வீட்டுக்காரி, இல்லை யாருமே இல்லாமல் வெறும் பூட்டு. ஒவ்வொன்றையும் எழுதி ஒவ்வொன்றையும் அடித்தேன். தெலுங்கு அம்மாள் என் வேகம் குறைந்ததைக் கவனித்து, கை வலிக்கிறதா என்று ஜாடையில் கேட்டார். வலிக்கிறது என்று தலையாட்டினேன். இருநூறு பேர் எனக்காக மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கத்தித் தொலையுங்களேன் என்று கெஞ்சத் தோன்றியது. சத்தம் இருந்தாலாவது அதன்மேல் பழியைப் போடலாம்.

நாலு மணிக்குக் கேட்டைத் திறந்தார்கள். கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று. சந்நிதி முன்னால் எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். அந்த அத்தியாயத்தைக் கேட்கலாம் என்று வரிசையில் முடிவு செய்து வைத்திருந்தேன். கை தானாகக் குவிந்தது. உதட்டில் வந்தது: "சாமி, மூணாவது ரூம் பழத்த இன்னிக்கே எறக்கிட்டாங்களா தெரியலையே, காப்பாத்து." அதற்குள் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்து போனை வாங்கித் திறந்தேன். திரை நிறைய விட்டுப்போன அழைப்புகள். முதலாளி மட்டும் ஏழு தடவை. என்னால் நம்ப முடியவில்லை, எனக்கு அவ்வளவு ஆனந்தமாக இருந்தது. லோடிங் ஆளைக் கூப்பிட்டேன். "சார், எங்க போயிட்டே? மூணாவது ரூம தொறக்கட்டுமா வேணாமா?" என்று அலறினான். கூட்டத்தின் நடுவில் நின்று, எந்த வரிசையை முதலில் இறக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று பத்து நிமிஷம் உத்தரவு போட்டேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அன்றைக்கு என்னிடமிருந்து தடங்கலில்லாமல் வந்த ஒரே உரைநடை அது.

முதலாளியிடம், ரொம்பக் கூட்டம் என்றேன். பாவம், நம்பினார்.

பிறகு மனைவியைக் கூப்பிட்டேன்.

"சாமி பாத்தியா மாமா?"

"பாத்தேன்."

"எயுதினியா?"

பஸ்ஸுக்குப் போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். "ஒண்ணும் வரல" என்றேன். நாடகமாகச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். அவளுக்கும் கேலி வரவில்லை.

"சரி வுடு. அவ்ளோ நேரம் தொண்டை காஞ்சி கெடந்தா இன்னாதான் வரும்? சீசன் முடியட்டும். புள்ளைங்கள இட்டுக்கினு நான் ஒரு வாரம் எங்க அம்மா ஊட்டுக்குப் போறேன். ஊடு உனுக்குத்தான். நிம்மதியா உக்காந்து எயுது."

சொன்னபடி செய்தாள். ஆடி பதினெட்டு கழிந்து கடைசி லாரியும் போன பிறகு, வீட்டைப் பெருக்கி, ஜன்னலோரம் மேசையைப் போட்டு, மாவரைத்து வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். இனி ஒருத்தரும் தொல்லை தர மாட்டார்கள் என்று தெருமுனை வரை சொல்லிக்கொண்டே போனாள்.

நானும் ஒரு வாரம் லீவு போட்டேன். முதல் நாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் மின்விசிறியைத் துடைத்தேன். மூன்றாம் நாள் காலையில், பதிப்பகத்துக்காரருக்கு இந்த வருஷம் முடியாது என்று செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "பரவாயில்லை சார்." கூட ஒரு கும்பிடு. எனக்காக அங்கே எந்த இடமும் காலியாக இருந்ததாகத் தெரியவில்லை.

பத்து மணிக்கு லோடிங் ஆளைக் கூப்பிட்டேன்.

"ஃபேக்டரியில ஏதாவது வேலை இருக்கா? ஏதாவது பிரச்னை?"

"ஒண்ணும் இல்ல சார். எல்லாம் அமைதியா கீது. இன்னா சார், ஏன்?"

"சும்மாதான்" என்றேன். "நல்லா பார்த்துச் சொல்லு."